என்எச்எல்லில் கோல்கள் ஏன் வற்றின, எப்படித் திரும்பி வந்தன?

என்எச்எல் என்பது வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். அதைப் பற்றி வந்த கேள்வி இது: "1980களின் என்எச்எல் ஆட்டங்களைப் பார்த்தால் கோல் மழை. கோல்கீப்பர்கள் இப்போதைய பள்ளிக்கூடப் பையன்களைவிட மோசமாகத் தெரிகிறார்கள். 2000ஐ ஒட்டிய ஆட்டங்களைப் பார்த்தால் தூக்கம் வருகிறது. இன்றைய ஆட்டமோ வேறு விளையாட்டு மாதிரி இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? பழைய ஆட்டக்காரர்களுக்குத் திறமை குறைவா?"

திறமையில் குறை இல்லை. பக்கை, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, வைத்திருப்பவனுக்கு யோசிக்க எவ்வளவு நேரம், நகர எவ்வளவு இடம் என்பதில்தான் நூறு வருடமாக இழுபறி. பயிற்சியாளர்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டே வருவார்கள். ஆட்டம் சலித்துப்போனதும் லீக் விதியை மாற்றித் திறந்துவிடும். சில வருடங்களில் பயிற்சியாளர்கள் அதையும் அடைக்க வழி கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படி மாறி மாறி நடந்ததில், கோல்கீப்பிங் மட்டும் ஒரு முறை முன்னேறிய பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் கருத்து. அதற்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1917இல் என்எச்எல் தொடங்கியபோது பக்கை முன்னால் இருப்பவனுக்குப் பாஸ் செய்யவே கூடாது. ரக்பியைப் போல, பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர முடியும். அதனால் அந்தக் கால ஆட்டம் தனி ஆள் சாகசம்: ஒருவன் பக்கைக் கொண்டுபோவான், நான்கைந்து பேரைத் தாண்டப் பார்ப்பான், மாட்டிக்கொள்வான். கோல்கீப்பர் பனியில் விழுந்து தடுப்பதற்குக்கூட முதலில் தடை இருந்தது. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் 'தவறி விழுந்தபடி' தடுத்துக்கொண்டே இருந்ததால், 1918 ஜனவரியில் அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள்.

முன் பாஸை லீக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதித்தது. (இரண்டு நீலக்கோடுகள் பனித்தளத்தை மூன்றாகப் பிரிக்கும்: ஓர் அணியின் தற்காப்புப் பகுதி, நடுப்பகுதி, எதிரணியின் பகுதி.) முதலில் நடுப்பகுதியில் மட்டும், அப்புறம் தற்காப்புப் பகுதியிலும். எதிரணியின் பகுதிக்குள் மட்டும் தடை தொடர்ந்தது. அதன் விளைவு 1928-29இல் உச்சத்துக்குப் போனது. மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோல்கூட விடவில்லை. லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் டொரன்டோவின் ஏஸ் பெய்லி, மொத்தம் 32. (கோல், கோலுக்கு வழிவகுத்த பாஸான அசிஸ்ட் இரண்டையும் கூட்டினால் வருவது புள்ளி.) அடுத்த சீசனில் எல்லாப் பகுதியிலும் முன் பாஸ் செய்யலாம் என்றார்கள். பாஸ்டனின் கூனி வைலண்ட் 73 புள்ளி எடுத்தார். ஆனால் லீக் ஒன்றை மறந்திருந்தது. ஃபார்வர்டுகள் பக்குக்கு முன்பே போய் எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே நின்றுகொண்டார்கள். சீசன் பாதியில், டிசம்பரில், அவசரமாக ஆஃப்சைடு விதி வந்தது: நீலக்கோட்டைப் பக்குக்கு முன்னால் யாரும் தாண்டக்கூடாது. இன்று நாம் பார்க்கும் ஆஃப்சைடின் வேர் அதுதான்.

1943இல் நடுச் சிவப்புக் கோடு வந்தது. அதுவரை சொந்தப் பகுதியிலிருந்து நீலக்கோட்டைத் தாண்டிப் பாஸ் கொடுக்க முடியாது, சறுக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அதனால் ஓர் அணியை அதன் பகுதிக்குள்ளேயே நிமிடக்கணக்கில் முடக்கி வைக்க முடிந்தது. இனி சிவப்புக் கோடு வரை நீளமாகப் பாஸ் தரலாம் என்றானதும் பூட்டு உடைந்தது. கூடவே இன்னொரு பழக்கமும் பிறந்தது: சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் பக்கை எதிரணியின் மூலைக்கு அடித்துவிட்டு, பின்னாலேயே துரத்திப்போய் மோதிப் பிடுங்குவது. அழகில்லாத முறைதான், ஆனால் எண்பது வருடமாகச் சாகவில்லை.

1950களில் மான்ட்ரியல் கனேடியன்ஸ். அப்போது இரண்டு நிமிடத் தண்டனை என்றால் முழு இரண்டு நிமிடமும் தவறு செய்த அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும், எத்தனை கோல் விழுந்தாலும். 1955 நவம்பரில் ஜான் பெலிவோ பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் ப்ளேயில், அதாவது எதிரணி ஆள் குறைவாக ஆடும் நேரத்தில், 44 விநாடிகளில் மூன்று கோல் போட்டார். அடுத்த சீசனிலிருந்து ஒரு கோல் விழுந்ததும் தண்டனைக்காரன் வெளியே வரலாம் என்று விதி மாறியது. ஒரே ஓர் அணியின் பவர் ப்ளேக்குப் பயந்து லீக் முழுக்க விதி மாறியது என்றால் அந்த அணி எப்படி ஆடியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டும், 1960களில் சிகாகோவின் ஸ்டான் மிக்கிட்டாவும் பாபி ஹல்லும் பிரபலமாக்கிய, ஸ்டிக் நுனியின் வளைந்த பிளேடும் வந்தன. பக் எந்தப் பக்கம் வளையும் என்று கணிக்க முடியாத நிலையில் கோல்கீப்பர்கள் வெறும் முகத்தோடு நின்றார்கள். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடுதான் திரும்புவேன் என்று அவர் அடம்பிடித்தார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்கவில்லை. மாற்றுக் கோல்கீப்பர் வைத்திருக்கும் வழக்கம் அப்போது இல்லாததால் ஒத்துக்கொண்டார். முகமூடி வந்த பிறகுதான் ஒரு கோல்கீப்பர் பக்கின் பாதையில் தலையைத் துணிந்து தாழ்த்த முடிந்தது. பின்னால் வந்த எல்லாமே அதன் மேல் கட்டியதுதான்.

பிறகு பாஸ்டனின் பாபி ஓர். டிஃபென்ஸ்மேன் என்றால் பின்னால் நின்று காவல் காப்பவன் என்றிருந்ததை அவர் மாற்றினார். பக்கை எடுத்துக்கொண்டு முழுப் பனித்தளத்தையும் தாண்டிப் போவார், இழந்தால் யாரும் எதிர்பாராத வேகத்தில் திரும்பி வந்துவிடுவார். 1969-70இல் 120 புள்ளிகளோடு லீக்கில் முதலிடம். அப்படி முதலிடம் பிடித்த டிஃபென்ஸ்மேன் அன்று முதல் இன்று வரை அவர் ஒருவர்தான், அதையும் இரண்டு முறை செய்தார். முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்!

1972 செப்டம்பரில் கனடாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் எட்டு ஆட்டத் தொடர் நடந்தது. தங்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எட்டையும் ஜெயிப்பார்கள் என்று கனடியர்கள் நினைத்திருந்தார்கள். மான்ட்ரியலில் முதல் ஆட்டத்தில் சோவியத் 7-3 என்று வென்றது. ஐந்து பேரும் ஒரே அலகாகச் சறுக்கினார்கள். வழி அடைத்திருந்தால் பக்கை மூலைக்கு வீசிவிடாமல் பின்னால் கொண்டுபோய் மறுபடி தொடங்கினார்கள். நல்ல வாய்ப்பு அமையும் வரை அடிக்கவே மாட்டார்கள். கடைசி ஆட்டத்தில் 34 விநாடி மீதமிருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் கனடா தொடரை வென்றது, கனடியர்கள் இன்றும் கொண்டாடுவது அதைத்தான். ஆட்டத்தின் வருங்காலம் தோற்ற அணியிடம் இருந்தது என்பதை லீக் புரிந்துகொள்ள இன்னும் பல வருடம் ஆனது.

ஏனென்றால் அடுத்து வந்தது பிலடெல்பியா ஃப்ளையர்ஸ். 1974, 1975 இரண்டிலும் லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை அவர்களுக்குத்தான். அடிதடிதான் அடையாளம், டேவ் ஷுல்ட்ஸ் ஒரே சீசனில் வாங்கிய 472 தண்டனை நிமிடங்கள் இன்னும் முறியடிக்கப்படாத சாதனை. அவர்களைச் சும்மா ரவுடிகள் என்று சொல்வது நியாயம் இல்லை. பயிற்சியாளர் ஃப்ரெட் ஷெரோ சோவியத் முறையை ஊன்றிப் படித்தவர், அந்த அணி ஒழுங்கான திட்டத்தோடு ஆடியது. ஆனால் மற்ற அணிகள் ஷெரோவின் மூளையை விட்டுவிட்டு ஷுல்ட்ஸின் முஷ்டியை மட்டும் நகலெடுத்தன.

இப்போது நீங்கள் கேட்ட 1980கள். 1967 வரை ஆறு அணிகள் இருந்த லீக், 1979இல் தனக்குப் போட்டியாக இருந்த இன்னொரு லீக்கின் நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டபோது 21 ஆகியிருந்தது. பலவீனமான அணிகள் நிறைய. அந்த நான்கில் ஒன்று எட்மன்டன் ஆய்லர்ஸ். அதன் பயிற்சியாளர் க்ளென் சேத்தர் ஐரோப்பியர்களைப் போல ஓடவும், இடம் மாற்றவும், குறுக்கே பாஸ் செய்யவும் விட்டார். 1981-82இல் வெய்ன் க்ரெட்ஸ்கி 92 கோல், 212 புள்ளி. 1983-84இல் எட்மன்டன் 80 ஆட்டங்களில் 446 கோல் போட்டது. க்ரெட்ஸ்கி எதிரணி வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அங்கே இருப்பவனைக் கவனிக்கத் திரும்பினால் கோல்கீப்பர் முன்னால் வருபவனை விட்டுவிட வேண்டும். எட்மன்டனின் நான்குக்கு நான்கு ஆட்டம் தாங்க முடியாமல், இரு பக்கமும் ஒரே நேரத்தில் தண்டனை வாங்கினாலும் ஐந்துக்கு ஐந்தே தொடரும் என்று 1985இல் விதியை மாற்றினார்கள். 1992இல் பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 8 கோல் விழுந்ததற்கு க்ரெட்ஸ்கி மட்டும் காரணம் இல்லை. அந்த வீடியோக்களில் கோல்கீப்பரை மட்டும் பாருங்கள். நிமிர்ந்து நிற்பார். காலை எட்டி உதைத்துத் தடுப்பார். காலில் இருப்பது தோலும் மான் முடியும் அடைத்த பேடு, ஈரம் ஊறினால் கனக்கும். பக் பனியை ஒட்டி வரும், இவர் ஒரு கணம் தாமதமாகக் காலை நீட்டுவார், கோல். அன்று கோல்கீப்பர்கள் தடுத்தது வந்த ஷாட்டுகளில் 87 சதவீதத்தைச் சுற்றி.

இதை மாற்றியவர்கள் கியூபெக்காரர்கள். 1986இல் 20 வயது பாட்ரிக் ரோவா மான்ட்ரியலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவரை வளர்த்த பயிற்சியாளர் ஃபிரான்ஸ்வா அலேரின் கணக்கு எளிது: பெரும்பாலான கோல் தாழ்வாகத்தானே விழுகிறது? அப்படியானால் முழங்காலில் விழுந்து, இரண்டு பேடையும் வெளிப்பக்கம் விரித்து, கீழ்ப்பகுதியைச் சுவராக்கிவிடு. பறக்கும் பக்கைப் பாய்ந்து பிடிப்பதைவிட, சரியான இடத்தில் முன்கூட்டியே இருந்து பக் தன் மேல் படும்படி செய். பட்டர்ஃப்ளை என்கிற இந்த முறையை க்ளென் ஹாலும் டோனி எஸ்போசிட்டோவும் முன்பே ஆடிக்காட்டியிருந்தார்கள். ஆனால் அதைப் பாடமாக்கிப் பள்ளி நடத்தியவர்கள் கியூபெக்கில்தான் இருந்தார்கள். அதே சமயம் செயற்கைப் பொருள்கள் வந்து பேடுகள் லேசாகின. லேசானதால் பெரிதாகின. தடுக்கும் சதவீதம் ஏறி 2015-16 வாக்கில் 91.5ஐத் தொட்டது. 87க்கும் 91க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். விடுவது 13இலிருந்து 9ஆகக் குறைகிறது. அதே முப்பது ஷாட்டுக்கு நான்கு கோல் போன இடத்தில் மூன்றுகூட விழாது.

இதன் மேல் ட்ராப் என்ற தற்காப்பு முறை வந்து சேர்ந்தது. 1995 இறுதிப் போட்டியில் ஜாக் லமேரின் நியூ ஜெர்சி டெவில்ஸ், எல்லோரும் வெல்லும் என்று நினைத்த டெட்ராய்ட்டை 4-0 என்று துடைத்துவிட்டது. முறை இதுதான்: ஒருவன் மட்டும் முன்னால் போய், பக்கைக் கொண்டு வருபவனை ஒரு ஓரத்துக்குத் தள்ளுவான். மற்ற நால்வரும் நடுப்பகுதியை அடைத்து நிற்பார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டிப் பாஸ் செய்யக்கூடாது என்ற 1943ஆம் வருட விதி அப்போதும் இருந்ததால், காவல் காக்க வேண்டிய இடம் நீலத்திலிருந்து சிவப்பு வரை மட்டுமே. ஒரு காலத்தில் பூட்டை உடைத்த விதியே இப்போது பூட்டாகிவிட்டது. மூலைக்கு அடித்துத் துரத்தலாம் என்றாலோ, கோல்கீப்பர் மார்ட்டின் ப்ரோடியர் வெளியே வந்து மூன்றாவது டிஃபென்ஸ்மேன் மாதிரி பக்கை எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ட்ராப் ஆட அபாரத் திறமை தேவையில்லை, கட்டுப்பாடு போதும். லீக் 30 அணிகளாகப் பெருகிய காலம், பணமும் ஆளும் இல்லாத அணிகளுக்கு அது வரப்பிரசாதம். கூடவே வேகமானவனை ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையும், சட்டையைப் பிடித்துத் தொங்குவதையும் நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. 2003-04இல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 5 கோலைக் கொஞ்சம்தான் தாண்டியது. அந்த சீசனில் அதிகக் கோல் போட்டவர்கள் மூன்று பேர் சமமாக இருந்தார்கள், ஆளுக்கு 41. க்ரெட்ஸ்கியின் 92இல் பாதிகூட இல்லை! உங்களுக்குத் தூக்கம் வந்தது உங்கள் தப்பில்லை.

இதற்கு நடுவே டெட்ராய்ட்டில் நடந்ததைச் சொல்லாமல் போக மனமில்லை. 1989இல்தான் சோவியத் ஆட்டக்காரர்கள் அனுமதியோடு என்எச்எல்லுக்கு வரத் தொடங்கினார்கள். 1995 அக்டோபரில் டெட்ராய்ட் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், ரஷ்யர்களான ஃபெடரோவ், லாரியோனோவ், கோஸ்லோவ், ஃபெட்டிசோவ், கான்ஸ்டான்டினோவ் ஐவரையும் ஒரே அலகாக இறக்கினார். லீக் முழுக்க பக்கை மூலைக்கு வீசிக்கொண்டிருந்த வேளையில் இவர்கள் பக்கை விடாமல், திரும்பிப் போய், மறுபடி கோர்த்து ஆடினார்கள். 1997இல் கோப்பை வந்தது. அந்தக் காலத்தில் ஒரே ஒரு அணியின் ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள்.

2004-05 சீசன் சம்பளத் தகராறில் முழுக்க ரத்தானது. அந்த ஓய்வில் டெட்ராய்ட் ஆட்டக்காரர் ப்ரெண்டன் ஷானஹன் டொரன்டோவில் ஒரு கூட்டம் போட்டார்: ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஆட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசினார்கள். 2005 இலையுதிர் காலத்தில் லீக் திரும்பியபோது இரண்டு கோடு பாஸ் தடை போய்விட்டது. கோல்கீப்பர் மூலையில் போய் பக்கைத் தொடக்கூடாது, வலைக்குப் பின்னால் வரைந்த கட்டத்துக்குள் மட்டும் தொடலாம். பேடுகளின் அகலம் ஒரு அங்குலம் குறைந்தது. தன் பாதியிலிருந்தே பக்கை எதிர்முனை வரை அடித்து அனுப்பினால், அதாவது ஐசிங் செய்தால், அந்த அணி களைத்த ஆட்களை மாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கொக்கி போட்டால் நடுவர் விசில் அடித்தார். முதல் சீசனில் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஆறு பவர் ப்ளே கிடைத்தது. இப்போது மூன்றைச் சுற்றித்தான், ஏனென்றால் இழுப்பதை ஆட்டக்காரர்கள் பெருமளவு விட்டுவிட்டார்கள்.

அடைப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஷாட்டின் குறுக்கே உடம்பைப் போடுவது ஒரு கலையானது. டாம்பா பே ஒரு பின்னாலிருந்து காத்திருக்கும் ட்ராப்பை ஆடியது. 2011 நவம்பர் 9 அன்று பிலடெல்பியா, நீங்கள் வந்து பறிக்கும் வரை நாங்களும் நகர மாட்டோம் என்று பக்கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. இரண்டு அணியும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க, நடுவர் விசில் அடிக்க வேண்டியதாயிற்று. 2010களின் நடுவில் கோல் சராசரி மறுபடி ஐந்தரைக்குக் கீழே வந்துவிட்டது.

இந்த முறை திறந்துவிட்டது விதிப் புத்தகம் இல்லை, கணக்குப் போடுபவர்கள். வேதியியல் படித்த எரிக் டல்ஸ்கி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஆட்டங்களைப் பார்த்துக் குறித்து, எதிரணிப் பகுதிக்குள் பக்கைக் கையோடு கொண்டுபோனால் அடித்துத் துரத்துவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஷாட் கிடைக்கிறது என்று 2013இல் காட்டினார். சோவியத்காரர்கள் 1972இல் சொன்னதேதான், இப்போது எண்ணோடு. 2024இல் அவர் கரோலினா அணியின் பொது மேலாளரே ஆகிவிட்டார். இந்தச் சிந்தனை அணிக்குள் யாரை எடுப்பது என்பதை மாற்றியது. பக்கைக் கொண்டுபோகத் தெரிந்த, குள்ளமான, சறுக்கலில் கெட்டிக்காரனான டிஃபென்ஸ்மேனுக்கு மவுசு வந்தது. ஆறடிகூட இல்லாத கேல் மக்காரும் க்வின் ஹ்யூஸும் சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது வாங்குகிறார்கள். 2022-23இல் எரிக் கார்ல்சன் என்ற டிஃபென்ஸ்மேன் 101 புள்ளி எடுத்தார்.

அடிதடி என்ன ஆயிற்று என்றும் கேட்பீர்கள். சண்டையைத் தொடங்குபவனுக்குக் கூடுதல் தண்டனை 1992இலேயே வந்தது. ஆனால் அடியாட்களை உண்மையில் ஒழித்தது வேகம். ஒரு ஷிஃப்ட், அதாவது பெஞ்சிலிருந்து இறங்கியவன் ஒரு தடவையில் ஆடும் நேரம், முன்பு இரண்டு நிமிடம் போகும், இப்போது 45 விநாடி. மாறி மாறி இறங்கும் நான்கு வரிசை ஃபார்வர்டுகளும் முழு வேகத்தில் ஆட வேண்டும். சறுக்கத் தெரியாத ஒருவனை பெஞ்சில் வைத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. 2011இல் அப்படிப்பட்ட அடியாளான டெரிக் பூகார்ட் 28 வயதில் இறந்ததும், அவர் மூளையில் தலையடிகளின் சேதம் கண்டறியப்பட்டதும் பலருக்கு அந்த வேடிக்கை மேல் இருந்த ஆசையைப் போக்கின. 2008-09இல் 700க்கு மேல் இருந்த சண்டைகள் இப்போது அதில் பாதிகூட இல்லை. முற்றிலும் போகவும் இல்லை: 2025 பிப்ரவரியில் மான்ட்ரியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் ஒன்பது விநாடிக்குள் மூன்று சண்டை.

இன்றைய பவர் ப்ளே தனியாகப் பார்க்க வேண்டியது. நான்கு ஃபார்வர்டு, ஒரே டிஃபென்ஸ்மேன். நடுவில் மூவர் குறுக்கே, பக் இடம் வலமாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். பட்டர்ஃப்ளை கோல்கீப்பரை நேராக அடித்து வெல்வது கடினம். பக்கவாட்டில் நகர வைத்தால்தான் முழங்காலில் இருப்பவர் திணறுவார். எட்மன்டன் 2022-23இல் 32.4 சதவீத பவர் ப்ளேக்களில் கோல் போட்டது, அது சாதனை. வாஷிங்டனின் அலெக்ஸ் ஓவெச்கின் இருபது வருடமாக எதிரணிப் பகுதியில் வரைந்திருக்கும் இடது வட்டத்தில் நின்று அதே ஷாட்டை அடித்தார். வரும் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 6 அன்று க்ரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டிய 895ஆவது கோலும் பவர் ப்ளேயில், அந்த இடது பக்கத்திலிருந்துதான் போனது.

கோல்கீப்பர்கள் இப்போது தடுப்பது 90 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. அவர்கள் மோசமாகிவிடவில்லை. தூரத்திலிருந்து சும்மா அடிக்கும் ஷாட்டுகள் குறைந்து, நெருங்கி வந்து, குறுக்கே பாஸ் செய்து அடிப்பது கூடிவிட்டது.

அப்படியானால் வேகமும் திறமையும்தான் எல்லாமா? இல்லை. 2018-19 சீசனில் 62 ஆட்டம் வென்ற டாம்பா பே முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் 4-0 என்று தோற்றது. முரட்டுத்தனமாக முட்டி மோதும் மூன்றாவது வரிசை ஒன்றை அமைத்துக்கொண்ட பிறகுதான் 2020, 2021 கோப்பைகளை வென்றது. 2024இலும் 2025இலும் நட்சத்திர ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட்டின் எட்மன்டனை இறுதிப் போட்டியில் வென்ற ஃப்ளோரிடா பேந்தர்ஸைப் பாருங்கள்: பக்கை மூலைக்கு அடித்து, இரண்டு பேர் பாய்ந்து, டிஃபென்ஸ்மேனைப் பனித்தளத்தின் ஓரச் சுவரோடு நசுக்கிப் பிடுங்குகிறார்கள். 1940களின் அதே பழக்கம், இரண்டு மடங்கு வேகத்தில். மற்ற பயிற்சியாளர்கள் இப்போது உட்கார்ந்து அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.